நாலு மூலை பிளாஸ்மா

எனக்கு வாய் கொஞ்சம் அதிகம். வீட்டில் மட்டுமில்லை, வேலை பார்க்கிற இடத்திலும் அப்படித்தான் பேர் வாங்கியிருக்கிறேன். மனசில் பட்டதைச் சொல்லிவிட்டுத்தான் அடுத்த வேலையைப் பார்ப்பேன். சொல்லி முடித்த பிறகு ஐயோ என்று கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருப்பவளும் நானே. அப்படி வாயைத் திறந்த ஒரு நாளையும், அதற்குப் பிறகு நான் பட்ட பாட்டையும்தான் எழுதுகிறேன்.

பெரம்பலூருக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். வீடு அரியலூரில். வீட்டுக்காரருக்கு ஆலத்தியூர்ப் பக்கம் ஒரு சிமென்ட் ஆலையில் வேலை. காலையில் நான் அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்கு வரும்போது, எங்கள் கல்லூரியின் கணக்கு சார் உடையார்பாளையத்திலிருந்து வந்து, பெரம்பலூர் பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரத்தில் எனக்கு ஒரு கைக்குட்டையைப் போட்டு இடம் பிடித்து வைத்திருப்பார். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர். சாது. நான் பத்து வார்த்தை பேசினால் அவர் ஒரு வார்த்தை பேசுவார், அதையும் யோசித்துப் பேசுவார். சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் பஸ் ஊர்ந்து போகும். அந்த ஒரு மணி நேரப் பயணம்தான் எங்கள் இருவருக்கும் ஆராய்ச்சிக் கூடம்.

நாங்கள் பேசிக்கொண்டது பிளாஸ்மாவைப் பற்றி. வாயுவை மிதமிஞ்சிச் சூடாக்கினால் அணுக்கள் பிய்ந்துபோய், மின்சாரம் கடத்துகிற ஒரு பொருளாக அது மாறிவிடும். அதுதான் பிளாஸ்மா. அதை ஒரு தூண் மாதிரி நிறுத்தி, நெடுக்காகப் பெரிய மின்சாரத்தைப் பாய்ச்சினால், அந்த மின்சாரம் தன்னைச் சுற்றித் தானே ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கும். அந்தப் புலம் தூணைச் சுற்றி வளைத்து இறுக்கும். இறுக்க இறுக்க உள்ளே இன்னும் சூடு ஏறும். சூரியனுக்குள் நடப்பதைத் தரையில் நடத்திப் பார்க்க ஆசைப்படுகிறவர்களில் சிலர் இந்த இறுக்கத்தைத்தான் நம்பியிருக்கிறார்கள்.

ஆனால் பாழாய்ப்போன அந்தத் தூண் நிற்காது. எங்கேயாவது ஓரிடம் லேசாக மெலிந்தால் போதும், புலம் அங்கே இன்னும் பலமாக இறுக்கும், இன்னும் மெலியும், சுரைக்குடுக்கையின் கழுத்து மாதிரி ஆகிக் கடைசியில் அறுந்துவிடும். அது ஒரு வகை. இன்னொரு வகையில் தூண் எங்கேயாவது வளையும். வளைந்த இடத்தின் உட்பக்கத்தில் புலம் நெருங்கி நின்று தள்ளும், வளைவு பெரிதாகும். மோட்டார் போட்டவுடன் வயலில் கிடக்கிற பச்சை டியூப் துள்ளி நெளிவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். இரண்டுக்கும் புத்தகத்தில் இங்கிலீஷ் பெயர்கள் இருக்கின்றன. எங்களுக்குள் அவை சுரைக்காய், டியூப், அவ்வளவுதான். ஒருநாள் சார் தன் சுபாவத்துக்கு மாறாகக் கொஞ்சம் உரக்க, “கழுத்து நெரிஞ்சிருச்சு மேடம், இன்னும் கொஞ்ச நேரத்துல அறுந்துரும்” என்று சொன்னபோது கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்.

இதையெல்லாம் நாங்கள் கண்ணால் பார்த்ததில்லை. அதற்கான இயந்திரம் எங்கள் கல்லூரியில் எங்கே இருக்கப்போகிறது? நாங்கள் செய்தது கணக்கு. பிளாஸ்மாவைத் துகள் துகளாகப் பின்தொடர எங்கள் கம்ப்யூட்டர்கள் தாங்காது. அதனால் அதை ஒரு திரவம் என்று வைத்துக்கொள்வோம். இடத்தை வரைபடத்தாள் மாதிரிச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு அடர்த்தி, எந்தப் பக்கம் ஓட்டம், எவ்வளவு காந்தப்புலம் என்று எழுதி, கணம் கணமாக நகர்த்தச் சொல்லிக் கம்ப்யூட்டரிடம் கொடுத்துவிடுவோம். நான் இந்த வேலையில் முன்பே டாக்டர் பட்டம் முடித்துவிட்டேன். என் கைடிடமே சாரும் பதிவு செய்து, வேலை பார்த்துக்கொண்டே ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். புரோகிராம் முழுக்க அவரே எழுதியது. அந்தப் பொறுமை எனக்குச் சத்தியமாக வராது.

அவருக்கு அந்தப் பட்டம் உடனே வேண்டியிருந்தது. கல்லூரிக்கு ஒரு பெரிய இன்ஸ்பெக்‌ஷன் வரவிருந்தது. அதற்கு முன்னால் பட்டம் வாங்காதவர்கள் வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான் என்று கரஸ்பாண்டன்ட் மீட்டிங் போட்டுச் சொல்லிவிட்டார். பல்கலைக்கழகத்தில் அவருடைய பதிவுக் காலமும் முடியப்போகிறது. கெஞ்சிக் கேட்டால் கடைசியாக ஒரு வருடம் நீட்டிப்பார்கள், அதற்கு மேல் பதிவே ரத்து. ஆய்வேட்டில் மற்ற அத்தியாயங்கள் தயார். புதிதாக ஒன்றைக் கண்டேன் என்று சொல்லிக்கொள்ள ஓர் அத்தியாயம் மட்டும் பாக்கி.

பொங்கல் கழிந்து ஒரு காலை, நான் உட்காருவதற்குள் லேப்டாப்பைத் திறந்து என் பக்கம் திருப்பினார். தூணைக் குறுக்கே வெட்டிப் பார்த்த படம். வாழைத்தண்டை நறுக்கினால் தெரிகிற மாதிரி வட்டமாகத்தான் அது ஆரம்பித்தது. போகப்போக நாலு பக்கம் புடைத்து, நாலு மூலை வைத்துக்கொண்டது. சுரைக்காயும் இல்லை, டியூபும் இல்லை. தூண் நெடுக இந்த மூலைகள் வரப்பு மாதிரி ஓடின. மூன்றாவதாக ஒரு வகை. எந்தப் புத்தகத்திலும் நாங்கள் பார்க்காதது.

தூண் எப்படிக் குலைகிறது என்று பார்க்க ஆரம்பத்தில் அதை லேசாக அசைத்துவிடுவோம்; நாம் கொடுக்கிற அந்தச் சின்னக் கலைவு எப்போதும் குருட்டாம்போக்காகத்தான் இருக்கும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் அதை மாற்றுவார்கள். சார் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்திருந்தார். மூலைகள் வந்துகொண்டே இருந்தன.

“எத்தன தடவ ஓட்டுனாலும் அதே எடத்துல வருது மேடம்” என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

எனக்கும் தலைகால் புரியவில்லை. கைடு முதலில் கொஞ்சம் இழுத்தார், பிறகு அவரும் சந்தோஷப்பட்டார். ஒரு கருத்தரங்குக்கு அனுப்பிய கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள். அந்தச் செய்தி வந்த அன்று கரஸ்பாண்டன்ட் எதிரே வர, நான்தான் சும்மா இருக்காமல், நம்ம கணக்கு சார் உலகத்தில் யாரும் பார்க்காத ஒன்றைப் பார்த்திருக்கிறார் என்று போட்டுவிட்டேன். பிளஸ் டூ பரீட்சை முடிந்து அட்மிஷன் ஆரம்பிக்கிற நேரம் அது. அவருக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? அடுத்த வாரம் திங்கட்கிழமை நாங்கள் பஸ்ஸை விட்டு இறங்கும்போது கல்லூரி வாசலில் இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு பிளக்ஸ் நின்றது.

சார் அதைப் பார்த்துக் கூனிக் குறுகிப்போனார். பிளக்ஸ் போட்டவர்கள் அவருடைய ஐடி கார்டு போட்டோவிலிருந்து தலையை வெட்டி, யாரோ ஒருவருடைய கோட்டுக்கும் டைக்கும் மேல் ஒட்டியிருந்தார்கள். கழுத்து வேறு நிறத்தில் இருந்தது. பக்கத்தில் நம் பிளாஸ்மா, நெருப்பு நிறத்தில். மேலே ‘உலகிலேயே முதன்முறையாக’. நான் சிரித்துச் சிரித்து, அவரையும் அதன் முன்னால் நிற்க வைத்து ஒரு போட்டோ எடுத்தேன். அதை அவர் தன் மனைவிக்கு அனுப்பினார். மாலைக்குள் உடையார்பாளையத்தில் சொந்தக்காரர்கள் எல்லாரும் பார்த்துவிட்டார்களாம்.

அன்று காலை முழுக்க எனக்கு அந்தப் படம் உறுத்திக்கொண்டே இருந்தது. கோட்டு இல்லை, பிளாஸ்மா. என்னவோ கோணலாக இருக்கிறதே என்று தோன்றியது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வாசல்வரை நடந்து போய் மறுபடி பார்த்தேன். விஷயம் ஒன்றுமில்லை. இடம் பற்றாமலோ, அழகுக்காகவோ, டிசைன் பண்ணியவர் படத்தைச் சாய்த்து வைர வடிவில் நிறுத்தியிருந்தார். நான் பார்த்த படங்களில் மூலைகள் திரையின் நாலு மூலைகளைப் பார்த்து இருக்கும். இதில் மேலும் கீழும் இடமும் வலமும் பார்த்து இருந்தன. சரி, இவ்வளவுதானா என்று திரும்பி நாலு எட்டு வைத்தேன். அப்புறம் நடக்க முடியவில்லை.

உருண்டையான ஒரு பொருளுக்கு எது மேல், எது கீழ்? அதைச் சாய்த்தால் சாய்ந்திருக்கிறது என்று எனக்கு ஏன் தெரிய வேண்டும்? ஏனென்றால் சார் ஓட்டிய அத்தனை ஓட்டத்திலும் மூலைகள் ஒரே திசையில் நின்றிருந்தன. கலைவைக் குருட்டாம்போக்காகக் கொடுத்தால் மூலைகளும் ஒருதரம் இப்படி, ஒருதரம் அப்படி என்றுதான் வர வேண்டும். எப்போதும் ஒரே திசையில் நிற்க பிளாஸ்மாவுக்கு என்ன வேண்டுதலா? அந்தத் திசை தெரிந்த ஒன்றே ஒன்றுதான் அந்தக் கணக்கில் இருக்கிறது. சதுரக் கட்டம். வரைபடத்தாளில் கட்டங்களை நிரப்பி ஒரு வட்டம் போட்டால் அதன் ஓரம் படிப்படியாக இருக்கும், எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருக்காது. அந்தச் சின்ன வித்தியாசத்தைத்தான் காந்தப்புலம் பிடித்து வளர்த்திருக்கிறது. எத்தனை தடவை ஓட்டினாலும் அதே இடத்தில் வருகிறது என்பதைத்தான் நாங்கள் நிரூபணம் என்று கொண்டாடிக்கொண்டிருந்தோம். அந்தத் துறையில் இருக்கிறவர்களுக்கே வருகிற தப்பு இது. மற்றவர்கள் இப்படி ஒரு தப்பைச் செய்யக்கூட முடியாது.

நான் நேராக ஸ்டாஃப் ரூமுக்குப் போனேன். ஆற அமர யோசித்து, நல்ல நேரம் பார்த்து, பக்குவமாகச் சொல்லத் தெரிந்தவளாக இருந்தால் நான் ஏன் நானாக இருக்கிறேன்? அவர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். சொல்லிவிட்டேன். அவர் பேனாவை மூடி வைத்தார். பிறகு, ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று மட்டும் சொன்னார்.

சோதனை எளிமையானது. குருட்டாம்போக்குக் கலைவுக்குப் பதிலாக, நாமே ஆரம்பத்தில் நாலு மூலைகளை லேசாக வைத்துவிடுவது. ஆனால் திசை மாற்றி, பிளக்ஸில் இருந்த மாதிரி வைர வடிவில். அது பிளாஸ்மாவின் சொந்தக் குணம் என்றால் வைத்த இடத்திலேயே மூலைகள் வளரும். சனிக்கிழமை மத்தியானம் மாணவர்கள் போன பிறகு லேபில் உட்கார்ந்து பார்த்தோம். நான் சாமியை எல்லாம் அவ்வளவாகத் தொந்தரவு செய்கிறவள் இல்லை. அன்று கும்பிட்டேன். நான் சொன்னது தப்பாகப் போகட்டும், சார் என்னைப் பார்த்துச் சிரிக்கட்டும் என்று கும்பிட்டேன்.

நாங்கள் வைத்த மூலைகள் மெல்ல மழுங்கின. தூண் வட்டமானது. கொஞ்ச நேரம் அது அழகான வட்டமாகவே நின்றது. அதன் பிறகு, திரையின் நாலு மூலைகளைப் பார்த்து, பழைய இடத்தில் பழையபடி முளைத்து வந்தது அந்த எழவு.

“இது பிளாஸ்மா இல்ல மேடம்” என்றார் சார். “நான் போட்ட கட்டம்.”

எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். பையை எடுத்துக்கொண்டு, கொஞ்சம் வேலை இருக்கிறது என்று சொல்லி எனக்கு முன்னால் கிளம்பிவிட்டார். திங்கட்கிழமை பஸ்ஸில் ஜன்னலோரத்தில் கைக்குட்டை இல்லை. அவர் கடைசி சீட்டில், கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். அந்த வாரம் முழுக்க அப்படித்தான். எனக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. எதற்குக் கோபம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஜன்னலோரத்தில் நான் தனியாக லாரிகளின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு போனேன்.

அந்த வாரத்தில் அவர் கைடிடம் பேசிவிட்டார். கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். கைடு திட்டவில்லையாம். அந்த அத்தியாயத்தை எடுத்துவிட்டு, கடைசி நீட்டிப்பைக் கேட்டு வாங்கி, வேறு ஒன்று எழுது என்று சொல்லியிருக்கிறார். அதாவது இன்ஸ்பெக்‌ஷனுக்குள் பட்டம் வராது. இந்த ஒரு வருடத்துக்குள் புதிதாக ஒன்று உருப்படியாக வரவில்லை என்றால் எப்போதுமே வராது. இத்தனையும் எனக்கு அந்த வெள்ளிக்கிழமைதான் தெரிந்தது. அன்று அவரே என்னிடம் வந்து, கரஸ்பாண்டன்டைப் பார்க்கப் போகிறேன், கூட வர முடியுமா என்று கேட்டார். பேசி ஒரு வாரமான மனுஷர் வந்து கூப்பிட்டதே எனக்குப் போதும்.

கரஸ்பாண்டன்ட் கெட்டவர் இல்லை. குரும்பலூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். நாலு பேர் பிழைக்க ஒரு கல்லூரி வைத்து, அதைக் காப்பாற்ற அன்றாடம் அல்லாடுகிறவர். டீ வாங்கிக் கொடுத்து, பொறுமையாகக் கேட்டார். சார் தன் வழக்கப்படி சுருக்கமாகச் சொன்னார். மூலைகள் பிளாஸ்மாவில் இல்லை, என் கணக்கில் இருந்தன, பிளக்ஸை எடுத்துவிட வேண்டும்.

“நாலும் இல்லையா சார்? ரெண்டாச்சும் மிஞ்சாதா?”

“ஒண்ணுகூட இல்லீங்க சார்.”

கரஸ்பாண்டன்ட் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். இன்ஸ்பெக்‌ஷன் முடிகிறவரை பிளக்ஸ் பாட்டுக்கு இருக்கட்டும், நீங்களும் இருங்கள், கட்டுரை ஏற்கப்பட்டது உண்மைதானே, அதை மட்டும் ஃபைலில் காட்டிக்கொள்வோம், வருகிறவர்களுக்கு மூலையும் தெரியாது ஒன்றும் தெரியாது என்று தணிவாகச் சொன்னார். சாரைக் காப்பாற்ற நினைத்துத்தான் சொன்னார், அது எனக்கு அப்போதே தெரிந்தது. சார் தலையை ஆட்டி மறுத்துவிட்டார். அப்படியென்றால் இந்த செமஸ்டரோடு சரி, பட்டம் வாங்கிக்கொண்டு வாருங்கள், இடம் இருந்தால் பார்ப்போம் என்றார் அவர். எனக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. இந்தக் கல்லூரியில் உண்மையைச் சொன்னால் வீட்டுக்கு அனுப்புவீர்களா என்று ஆரம்பித்து நான் என்னென்னவோ கேட்டுவிட்டேன். நல்லவேளை, பாதியில் சார் என் பக்கம் திரும்பினார்.

“விடுங்க மேடம். அவரு சொல்றதுல தப்பில்ல.”

செமஸ்டர் முடிந்தது. ஆனி மாதத்திலிருந்து பஸ்ஸில் எனக்கு இடம் பிடிக்க ஆள் இல்லை. பாதி நாள் நின்றுகொண்டே போனேன். அவருக்கு எப்போதாவது போன் செய்வேன். எடுப்பார், நல்லா இருக்கேன் மேடம் என்பார், அதற்கு மேல் பேச்சு ஓடாது. கொல்லையில் முந்திரி இருக்கிறது, வேலை பார்க்கிறேன் என்றார். புதுக் கணக்கு எப்படிப் போகிறது என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஒரு குடும்பத்தின் சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டோமே என்று சாப்பிட உட்காரும்போதெல்லாம் தோன்றும். தப்பைச் சொன்னது தப்பா? இல்லை. அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்து என்ன, சோறு இறங்க வேண்டுமே.

என் வீட்டுக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, “இப்புடி மொவத்த வெச்சிக்கிட்டு என் உசுர வாங்கறதுக்கு, ஒரு எட்டு போயிப் பாத்துட்டு வந்துடேன்” என்றார். போக பயமாக இருக்கிறது என்றேன். ஒனக்கா, பயமா என்று அவர் சிரித்ததில் ரோஷம் வந்து கிளம்பிவிட்டேன்.

உடையார்பாளையத்தில் இறங்கி விசாரித்துக்கொண்டு போனேன். முந்திரி பூத்திருந்த நேரம், தெருவெல்லாம் வாசனை. சார் வாசலுக்கு ஓடி வந்து வரவேற்றார். வெயிலில் கறுத்து, கொஞ்சம் இளைத்திருந்தார். அவர் மனைவி கூடத்தில் மெஷினில் உட்கார்ந்து ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் வெட்டிய துணிகள். அதுவரை நான் அவரை நேரில் பார்த்ததில்லை. வாங்க மேடம் என்று எழுந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். முகத்தில் சிரிப்பு இருந்ததா என்றால், இருந்தது. கண்ணில் இல்லை. இன்றைக்கு நமக்கு நல்ல மண்டகப்படிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

சாப்பாட்டின்போது சார் கணக்கைப் பற்றித் தானாகவே பேசினார். சதுரக் கட்டத்தைத் தூக்கி எறிந்துவிட்டு, வட்ட வட்டமாக, சக்கரத்தின் ஆரம் மாதிரிப் பிரித்துப் புதிதாக எழுதியிருக்கிறார். அதில் நடுவில் எல்லாக் கட்டமும் ஒரு புள்ளியில் கூர்ந்து போகும், கணக்கு அங்கே வந்து தடுமாறும். அதைச் சரிசெய்யவே மழைக்காலம் முழுக்க ஆகியிருக்கிறது. மூலைகள் வந்தனவா என்று கேட்டேன். வரவில்லை என்றார். அது வட்டமாகவே நிற்கிறது மேடம், அது பாட்டுக்கு நிற்கிறது என்று சொல்லிவிட்டு, ரசத்தைப் பிசைந்தார். புது அத்தியாயம் வேறு விஷயம். தூணின் நடுவில் ஒரு வேகம், ஓரத்தில் ஒரு வேகம் என்று பிளாஸ்மாவை நெடுக்காக ஓடவிட்டால், டியூப் வளைவு வளர முடியாமல் கலைந்துபோகும். அது எல்லாரும் அறிந்ததுதான். தூணின் ஓரம் கத்தி மாதிரி இல்லாமல் மங்கலாக இருந்தால் எவ்வளவு வேக வித்தியாசம் தேவைப்படும் என்பதைத்தான் இவர் பார்த்திருக்கிறார். சின்ன விஷயம். உலகிலேயே முதன்முறையாக என்று பிளக்ஸ் போட முடியாது. ஆனால் நன்றாக இருந்தது, கேட்கக் கேட்க எனக்குப் பசி எடுத்து இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னேன்.

என்னை பஸ் ஸ்டாண்டில் விட வண்டியை எடுக்க சார் பின்பக்கம் போனார். அவர் மனைவி வாசல்வரை வந்தார்.

“மேடம், ஒண்ணு சொல்லுவேன், தப்பா எடுத்துக்கக் கூடாது” என்றார். “நீங்க அத சொல்லாம இருந்திருக்கலாம்னு எனக்கு தெனமும் தோணுது. அவரு அப்புடி நெனைக்க மாட்டாரு, மேடம் சொன்னதுதான் சரிம்பாரு. எனக்கு மூலையும் தெரியாது, வட்டமும் தெரியாது. வேல போனது தெரியும்.”

எனக்கும் சில நாள் அப்படித் தோன்றுகிறது என்று உள்ளதைச் சொன்னேன். அவர் அதைக் கேட்டு ஆறுதல் அடைந்த மாதிரியும் தெரியவில்லை, கோபப்பட்ட மாதிரியும் தெரியவில்லை. ஜாக்கெட் அளவு எடுப்பது போல என்னை ஒருதரம் ஏற இறங்கப் பார்த்தார். பிறகு முந்தானையில் முடிந்து வைத்திருந்த ஒரு பென் டிரைவை எடுத்து என் கையில் வைத்தார்.

“இத முடிச்சு ரெண்டு வாரம் ஆவுது. கைடுக்கு அனுப்பப் போறேன்னு நின்னாரு, நான்தான் விடல. ஒங்ககிட்ட கேக்க அவருக்குக் கூச்சம். அப்ப எல்லாம் முடிஞ்ச பொறவு வந்து பாத்தீங்க. இந்தத் தடவ மொதல்லயே பாத்துடுங்க.”

பஸ்ஸில் அந்தப் பென் டிரைவைக் கைக்குள்ளேயே வைத்துக்கொண்டு வந்தேன். பையில் போட மனம் வரவில்லை.

அடுத்த நாளிலிருந்து வகுப்பு இல்லாத நேரமெல்லாம் லேபில்தான். ஒருவர் உழைப்பில் தப்புத் தேடுவது எனக்குக் கைவந்த கலை. ஆனால் கிடைத்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு தேடியது அதுதான் முதல் தடவை. அதற்காகக் கைதளரவும் முடியாது, அந்தப் பெண்ணின் முகம் கண் முன்னால் நின்றது. கலைவைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தேன். வைத்த பக்கமே வளர்ந்தது. கட்டங்களைப் பாதியாகச் சின்னதாக்கி ஓட்டினேன், விடை நகரவில்லை. பிளாஸ்மா நெடுக்காக ஓடாத தூணை விட்டுப் பார்த்து, சுரைக்காய் எவ்வளவு வேகத்தில் வளர்கிறது என்பதைப் புத்தகத்தோடு ஒப்பிட்டேன், பொருந்தியது. ஒரே ஒரு ஓட்டத்தில் மட்டும் வளைவு எக்குத்தப்பாகப் பாய்ந்தது. ஒவ்வொரு வரியாகப் பார்த்துக்கொண்டு வந்ததில், நடுவுக்கும் ஓரத்துக்கும் ஒரே வேகத்தை நான்தான் தப்பாகக் கொடுத்திருந்தேன். என்னை நானே வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டு, மாற்றிக் கொடுத்து ஓட்டினேன். சரியாக வந்தது. அந்தச் சந்தோஷத்தில் லேபில் யாரும் இல்லை என்று நினைத்துக் கொஞ்சம் சத்தமாகவே அழுதுவிட்டேன்.

சாருக்கு முதலில் சொல்லவில்லை. அவர் மனைவியின் நம்பரை அன்று கேட்டு வாங்கி வைத்திருந்தேன், அதற்குத்தான் அடித்தேன். மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. என் குரலைக் கேட்டதும் நின்றது. எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டேன் அம்மா, தப்பு ஒன்றும் இல்லை, தைரியமாக அனுப்பச் சொல் என்றேன்.

“நல்லாப் பாத்தீங்களாக்கா?” என்றார்.

இன்னொரு தடவை பார்த்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு, மூடி வைத்த கம்ப்யூட்டரை மறுபடியும் போட்டேன்.